செல் கசிந்த கீபோர்டு: வெள்ளைப் பூப்பு போனது, கோளாறு போகவில்லை

தட்டுவிசை | ஜூன் 3, காலை 9.10

ஆறு ஏஏ செல் போடும் சின்ன மின் கீபோர்டு. உள்ளேயே கிடந்த அல்கலைன் செல்கள் கசிந்து ஸ்பிரிங்குகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்தாயிற்று, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. புது செல் போட்டால் விளக்கு எரிகிறது. ஒலியைக் கூட்டினால் தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. அடாப்டரில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. வினிகர்தான் கெடுத்தது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஈயப்பற்று | ஜூன் 3, காலை 11.45

மறுக்கிறேன். அடாப்டரில் ஓடுகிறது என்றால் மெயின் போர்டு நலம். கோளாறு செல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது: ஸ்பிரிங், தகடு, கம்பி, சாக்கெட்.

கணக்கைப் பாருங்கள். ஆறு செல்லுக்குத் தொடும் இடங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் 0.3 ஓம் இருந்தால் மொத்தம் 3.6 ஓம். விளக்கு மட்டும் எரியும்போது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் இழப்பு 0.18 வோல்ட், யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் ஓங்கி ஒலிக்கும் நொடியில் 0.8 ஆம்பியர் இழுத்தால் 2.9 வோல்ட் போய்விடும். 9 வோல்ட் 6 ஆகிறது, உள்ளே வோல்ட்டை நிலையாகப் பிடிக்கும் ரெகுலேட்டர் தடுமாறுகிறது, சிப் மறுபடி முதலிலிருந்து எழுகிறது. உங்கள் கீபோர்டு செய்வது இதைத்தான்.

ஓம் அளவையில் தேடாதீர்கள். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளே 0.2, 0.3 ஓம் காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட் இழப்பை அளங்கள்:

செல்கள் உள்ளே, ஒலி முழுதாக, ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி. மீட்டர் டிசி 2 வோல்ட் அளவையில். ஒரு முனை செல்லின் அடித்தகட்டில், மறு முனை அதைத் தொடும் ஸ்பிரிங்கில். 0.02 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 0.1 தாண்டினால் அந்த இடம் குற்றவாளி. பன்னிரண்டையும் பார்த்துவிட்டு, கடைசி ஸ்பிரிங்கிலிருந்து கம்பி போர்டில் சேரும் இடம் வரை அளங்கள். பெரும்பாலோர் இந்தக் கடைசி அளவை எடுப்பதில்லை.

மீட்டர்முள் | ஜூன் 3, மதியம் 1.20

எதிர்முனையிலிருந்து போகும் கருப்புக் கம்பியில் பந்தயம் கட்டலாம்.

அல்கலைன் செல்லில் வெளிக்கூடு நேர்முனை. அடியில் இருக்கும் தட்டையான தகடுதான் எதிர்முனை. அடைப்பும் அழுத்தம் விடும் மெல்லிய பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே துத்தநாகம் அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது, அழுத்தம் ஏறுகிறது, அடைப்பு விட்டுக்கொடுக்கிறது. வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எதிர்முனை உலோகத்தின்மேல் ஊர்ந்து ஏறுவது அதன் குணம். ஸ்பிரிங்கில் ஏறி, கம்பியின் காப்பு உறைக்குள் நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பல சென்டிமீட்டர் போகும். வெளியே பார்த்தால் கம்பி புதிதுபோல் இருக்கும்.

உறையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு கருத்திருந்தால் அதில் சால்டர் ஈயம் ஒட்டாது. சுரண்டி ஒட்டவைக்க முயல வேண்டாம், உள்ளே மீதி நீளமும் அப்படித்தான் இருக்கும். முழுக் கம்பியையும் மாற்றுவது பத்து நிமிட வேலை. 0.3 முதல் 0.5 சதுர மி.மீ. குறுக்குவெட்டு போதும்.

தட்டுவிசை | ஜூன் 3, இரவு 8.05

அளந்தேன். பத்து இடங்களில் 0.02க்குள். ஒரு ஸ்பிரிங் 0.31. இன்னொன்று 0.12. கருப்புக் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 0.64! உரித்தால் கரிக்கோடுபோல் இருக்கிறது. கம்பி போய்ச் சேர்வது போர்டில் இல்லை, அடாப்டர் சாக்கெட்டில். அதன் இரண்டு காலுக்கு நடுவிலும் 0.38 காட்டுகிறது. அது இயல்பா?

ஈயப்பற்று | ஜூன் 3, இரவு 8.50

இயல்பில்லை. அந்தச் சாக்கெட்டுக்குள் ஒரு சுவிட்ச் தகடு இருக்கும். அடாப்டர் செருகினால் செல்லின் இணைப்பைத் துண்டிக்கும், பிடுங்கினால் மறுபடி தொடும். செல்லின் எதிர்முனை அதன் வழியாகத்தான் போகிறது. கம்பியோடு ஊர்ந்து வந்தது அந்தத் தகட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. அடாப்டரில் ஓட்டும்போது அந்தத் தகடு வேலையிலேயே இல்லை, அதனால்தான் அப்போது குறை தெரியவில்லை.

முதலில் அடாப்டர் பின்னை இருபது முப்பது முறை செருகிப் பிடுங்குங்கள், தகடு தானே உரசிக்கொள்ளும். குறையவில்லை என்றால் சாக்கெட்டை மாற்றுங்கள். உள்ளே மருந்து அடித்து ஊறவைப்பது வீண்.

வரிசையில் ஒரு டையோடு இருந்தால் அதில் 0.3 அல்லது 0.7 வோல்ட் இழப்பு இயல்பே. செல்லைத் திருப்பிப் போட்டால் காப்பதற்கு வைத்தது. அதைக் குற்றவாளி என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

சுரண்டி | ஜூன் 4, காலை 7.30

இவ்வளவு எதற்கு? வினிகரே வேண்டாம், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றிப் பிரஷ் போட்டால் எல்லாம் போய்விடும். மின்பொருளில் தண்ணீர் படவே கூடாது.

மீட்டர்முள் | ஜூன் 4, காலை 8.15

போகாது. வெளியே வந்த ஹைட்ராக்சைடு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் அதுதான். அது ஆல்கஹாலில் கரையாது. தண்ணீரிலோ அபாரமாகக் கரையும், 100 மி.லி.க்கு 110 கிராம் வரை. ஆல்கஹால் ஊற்றிப் பிரஷ் போட்டால் உப்பு இடம் மாறும், ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், உலர்ந்ததும் மங்கலாகத் திரும்பி வரும். ஆல்கஹாலின் வேலை கடைசியில்: தண்ணீரைத் துரத்தி சீக்கிரம் உலரவைப்பது.

தண்ணீர் போர்டைக் கொல்வதில்லை. மின்சாரத்தோடு தண்ணீர், அல்லது உப்போடு தண்ணீர், இவைதான் கொல்லும். செல்லைக் கழற்றிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, முழுதாக உலரவைத்தால் ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கர், ரிலே, திறந்த சுவிட்ச், எல்சிடி இவற்றை மட்டும் நனையாமல் ஒதுக்க வேண்டும்.

ஈயப்பற்று | ஜூன் 4, காலை 8.40

அப்படியானால் வினிகர் எதற்கு என்ற கேள்வி வரும். பூப்பில் பொட்டாசியம் மட்டும் இல்லை, துத்தநாக ஆக்சைடும் துத்தநாகக் கார்பனேட்டும் கலந்திருக்கும். அவை தண்ணீரில் கரையாது, வினிகரில் கரையும். நுரைத்துப் பொங்குவது கார்பனேட்டிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு. நுரை நின்றால் அந்த இடத்தில் வேலை முடிந்தது.

என் வரிசை இது. கையுறை, கண்ணாடி. காய்ந்த பிரஷால் உதிர்வதை உதிர்த்துக் குப்பையில் கொட்டுவது, ஊதக் கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் 5 சதவீத வெள்ளை வினிகர், ஊற்றாமல் தொட்டு வைத்து 15 நிமிடம். பிறகு தண்ணீர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி. ஆல்கஹால் ஒரு முறை. மின்விசிறிக் காற்றில் ஒரு நாள்.

உடலில் பட்ட இடம் சோப்புபோல் வழவழத்தால் அது உங்கள் தோல்தான் கரைகிறது. உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். அங்கே வினிகர் வைத்தியம் கூடாது.

சுரண்டி | ஜூன் 4, காலை 9.00

சரி, ஆல்கஹாலைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டேன். சமையல் சோடா தடவச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, அது?

மீட்டர்முள் | ஜூன் 4, காலை 9.35

சோடா காரம். காரக் கசிவுக்குக் காரம் தடவினால் இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும். அது அமிலக் கசிவுக்கு: எமர்ஜென்சி விளக்கு, யுபிஎஸ் இவற்றில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கும், பழைய துத்தநாக-கார்பன் செல்லுக்கும்.

எது எது என்று செல்லிலேயே எழுதியிருக்கும். எல்ஆர்6 என்றால் அல்கலைன். வெறும் ஆர்6 என்றால் துத்தநாக-கார்பன், லேசான அமிலம். எச்ஆர்6 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலும் உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான், ஆகவே வினிகர். எஃப்ஆர்6 லித்தியம் வகை, அது கசிவது அபூர்வம். ஏஏஏ அளவுக்கு 6 இருக்கும் இடத்தில் 03.

உறை கிழிந்து எழுத்தே தெரியவில்லையா? மஞ்சள் தூள் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்திய தாளை நனைத்து ஒற்றிப் பாருங்கள். செம்பழுப்பாக மாறினால் காரம், மஞ்சளாகவே இருந்தால் காரமில்லை. பள்ளிக்கூடச் சோதனைதான், இங்கே கச்சிதமாக உதவும். கழுவி முடித்த பிறகும் அதேபோல் ஒரு தாளை ஒற்றினால் காரம் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஈயப்பற்று | ஜூன் 4, இரவு 10.10

காலையில் 15 நிமிடம் என்று எழுதியதைத் திருத்துகிறேன். ஸ்பிரிங் என்பது நிக்கல் முலாம் பூசிய எஃகு. முலாம் பெயர்ந்த இடத்தில் வினிகர் இரும்பையே தின்னும், அடுத்த வாரம் பழுப்புத் துரு வரும். இரண்டு மூன்று நிமிடம், நுரை நின்றதும் எடுத்துவிடுங்கள். திட்டாக ஒட்டியிருந்தால் நேரத்தைக் கூட்டாமல் முறையைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. வினிகர் விட்டுச்செல்லும் பொட்டாசியம் அசிடேட் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரில் கழுவாமல் விட்டால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை வைத்ததாகத்தான் ஆகும். தட்டுவிசை சொன்ன “வினிகர் கெடுத்தது” என்பதில் இவ்வளவு உண்மை உண்டு. முதல் பதிலில் நான் ஒரேயடியாக மறுத்திருக்க வேண்டாம்.

தட்டுவிசை | ஜூன் 5, காலை 6.50

இதை அச்சடித்து மாட்டலாம் போலிருக்கிறது. 0.31 காட்டும் ஸ்பிரிங்கில் முலாம் இல்லை, சொரசொரப்பாக இருக்கிறது. மேலே ஈயம் பூசிவிடலாமா?

ஈயப்பற்று | ஜூன் 5, காலை 7.40

பூசலாம், ஆனால் ஈயம் ஒட்ட உதவும் சாதாரண ரோசின் ஃப்ளக்ஸில் எஃகின்மேல் ஈயம் உருண்டு ஓடும். துத்தநாகக் குளோரைடு கலந்த அமில ஃப்ளக்ஸில் ஒட்டும். அதைச் சரியாகக் கழுவாவிட்டால் கசிவைத் துடைத்துவிட்டு நாமே புதுக் கசிவை ஊற்றியதாகும். பிளாஸ்டிக் கூட்டில் வைத்தபடியே சூடு காட்டவும் கூடாது, கூடு இளகி ஸ்பிரிங் சாய்ந்துவிடும்.

வேறொரு செல் கூட்டிலிருந்து நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவது உத்தமம். விட்டமும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். உயரம் குறைந்தால் ஆட்டத்தில் தொடர்பு விடும், கூடினால் கூட்டின் சுவர் வளையும்.

முலாம் மிச்சமிருக்கும் ஸ்பிரிங்குக்கு 400 எண் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, செல் தொடும் வட்டத்தை மட்டும் தேய்த்தால் போதும். கண்ணாடி இழை முனையுள்ள ஃபைபர் பேனா வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதன் தூள் விரலில் குத்தும். ஈரத்தோடு தேய்த்துத் துடைத்துவிடுங்கள். முடிவில் பெட்ரோலியம் ஜெல்லி மிக மெல்லிசாக. அது மின்சாரம் கடத்தாது, அழுத்தத்தில் விலகிக்கொள்ளும், சுற்றிலும் காற்றைத் தடுக்கும்.

பாதிச்செல் | ஜூன் 5, மதியம் 12.30

குறுக்கே ஒரு கேள்வி. டிவி ரிமோட்டில் இதே கசிவு. தொடர்புகள் சுத்தம், செல் புதிது, ஆனால் மேல் வரிசைப் பொத்தான்கள் மட்டும் வேலை செய்யவில்லை.

மீட்டர்முள் | ஜூன் 5, மதியம் 1.05

முதலில் எல்இடி எரிகிறதா என்று போன் கேமரா வழியாகப் பாருங்கள். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் முயலுங்கள். கீழ் வரிசைப் பொத்தானுக்கு ஊதாவாக மின்னி, மேல் வரிசைக்கு மின்னவில்லை என்றால் போர்டில் ஓடும் செம்புத் தடம் அறுந்திருக்கிறது.

திறந்து, பச்சைப் பூச்சின் அடியில் கருத்துப்போன தடங்களைத் தேடுங்கள். நல்ல தடம் பூச்சின் வழியாக வெளிர் பச்சையாகத் தெரியும், அரித்தது கரும்பச்சை அல்லது கருப்பு. போர்டின் இரு பக்கத் தடங்களை இணைக்கும் துளைகள்தான் முதலில் சாகும், அங்கே செம்பு மிக மெல்லிசு. தொடர்பு இருக்கிறது என்று மீட்டர் எழுப்பும் கண்டினியூட்டி ஒலி வந்தாலும் நம்பாமல் போர்டை லேசாக வளைத்தபடி இன்னொரு முறை பாருங்கள்.

அறுந்த இடத்தின் இரு பக்கமும் பளபளக்கும் செம்பு தெரியும்வரை பூச்சைச் சுரண்டி, ஃப்ளக்ஸ் போட்டு, மெல்லிசாக ஈயம் ஏற்றி, 0.2 மி.மீ. எனாமல் கம்பியால் பாலம் போடுங்கள். களிம்பு பிடித்த பழைய ஈயம் சால்டரிங் அயர்ன் வைத்தாலும் உருகாமல் முரண்டு பிடிக்கும். சூட்டை ஏற்றாதீர்கள், தடமே பெயர்ந்து வந்துவிடும். சுரண்டி, புது 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37) ஈயமும் ஃப்ளக்ஸும் சேர்த்தால் 330 டிகிரியில் இளகிவிடும். பாலத்தின்மேல் நகப்பூச்சு ஒரு துளி.

பொத்தானின் அடியில் இருக்கும் கருப்புத் திட்டுகள் கார்பன் பூச்சு. அவற்றை ஃபைபர் பேனாவோ உப்புத்தாளோ தொடக் கூடாது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு வருடல், அவ்வளவுதான்.

சுரண்டி | ஜூன் 5, மதியம் 1.30

என் பெயருக்கே வேலை வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: போர்டை அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் இந்த உப்பெல்லாம் போகும் என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இசைக்கவை வடிவம். அந்த அதிர்வில் உடையக்கூடும்.

பாதிச்செல் | ஜூன் 5, மாலை 6.15

இரண்டு துளை, ஒரு தடம். பாலம் போட்டதும் ஓடுகிறது. அடுத்து அலுமினிய டார்ச்: செல் வீங்கி உள்ளே சிக்கிக்கொண்டது.

ஈயப்பற்று | ஜூன் 5, இரவு 9.20

செல் வீங்குவதைவிட அலுமினியம்தான் வீங்கியிருக்கும். காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் விடும், உண்டாகும் ஹைட்ராக்சைடு கல்போல் இறுகி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இரு பக்க மூடியையும் திறந்து, வெதுவெதுப்பான வினிகரில் நிறுத்தி வைத்து, சில மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடி போட்டு ஊறவைக்க வேண்டாம், வாயு அழுத்தம் ஏறும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். தளர்ந்ததும் மறுபக்கத்திலிருந்து மரக்குச்சியால் தள்ளுங்கள். செல்லைத் துளைத்துத் திருகு போட்டு இழுக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். காரம் முகத்தில் தெறிக்கும். லித்தியம் செல்லானால் தீயே பிடிக்கும். உள் குழாய் குழி விழுந்திருந்தால் டார்ச்சை மறந்துவிடுங்கள்.

சுரண்டி | ஜூன் 6, காலை 7.10

பழைய செல்கள் இப்படிக் கசிந்ததில்லை என்பது பெரியவர்கள் சொல்லும் பொய்தானே?

மீட்டர்முள் | ஜூன் 6, காலை 7.55

முழுப் பொய் இல்லை. முன்பு துத்தநாகத்தோடு கொஞ்சம் பாதரசம் சேர்ப்பார்கள், அது ஹைட்ரஜன் உண்டாவதை அடக்கியது. 1990களில் பாதரசத்தை நிறுத்தினார்கள். இப்போது இண்டியம், பிஸ்மத் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. பாதரசம் நிலத்தடி நீருக்குப் போவதைவிட ஸ்பிரிங் துடைப்பது மேல். அதைவிட, அந்தக் காலத்துச் சாதனத்தில் சுவிட்சை அணைத்தால் உண்மையிலேயே அணையும். இப்போது பொத்தான் வைத்தவை உறங்கும்போதும் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வரிசையில் மெலிந்த செல் முதலில் தீரும். மற்றவை அதன் வழியாகக் கரண்டைத் தள்ள, அதன் முனைகள் தலைகீழாகும், வாயு பெருகும், கசியும். பழையதும் புதியதும் கலக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இதுதான். மேசையில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்ப்பது செல் செத்ததற்குச் சான்றில்லை. பாதி தீர்ந்ததுமே துள்ளத் தொடங்கிவிடும். மீட்டரில் ஒன்று 1.2 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் வரிசை முழுவதையும் மாற்றுங்கள், அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல்.

தட்டுவிசை | ஜூன் 6, இரவு 9.40

கம்பி இரண்டும் புதிது, சாக்கெட் புதிது, ஒரு ஸ்பிரிங் மாற்றம், இன்னொன்று தேய்ப்பு. செல்லிலிருந்து போர்டு வரை மொத்த இழப்பு 1.5 இருந்தது இப்போது 0.21. முழு ஒலியில் அணையவில்லை. இதில் ரீசார்ஜ் செல் போடலாமா? ஆறு 1.2 சேர்ந்தால் 7.2தானே.

ஈயப்பற்று | ஜூன் 6, இரவு 10.05

அல்கலைன் செல் பாதி தீரும்போதே கரண்ட் இழுத்தால் 1.2க்கு வந்துவிடும், ஆக சாதனம் அதைத் தாங்கும்படிதான் செய்திருப்பார்கள். போட்டுப் பாருங்கள். நிக்கல் செல்லின் அழுத்த வால்வு திறந்து மறுபடி மூடிக்கொள்ளும், கசிவது மிகக் குறைவு. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் எந்த செல்லானாலும் வெளியே எடுத்து வையுங்கள்.

தட்டுவிசை | ஜூன் 29, காலை 10.20

மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஒரே ஒரு தகட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை. செல்கள் நலம், கசியவில்லை.

மீட்டர்முள் | ஜூன் 29, காலை 11.00

பழைய உப்பு. தகட்டுக்கும் பிளாஸ்டிக் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருந்தது ஈரம் வாங்கி வெளியே வருகிறது. மஞ்சள் தாள் அங்கே சிவக்கும். முன்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் போகாது. தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு காதுகளை நிமிர்த்தி, தகட்டை முழுதாக வெளியே எடுத்து, குழியையும் சேர்த்துக் கழுவி, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஈயப்பற்று | ஜூன் 29, காலை 11.25

காதுகளை ஒரே முறை நிமிர்த்துங்கள், ஒரே முறை மடக்குங்கள். மூன்றாவது தடவை ஒடிந்துவிடும்.